அவங்க ஸ்பீடா... நாம ஸ்லோவா?

இங்கிலீஷ் லெக்சர் தலைக்கு மேல போகுதா? உங்க மூளையை சந்தேகப்படறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க பாஸ்!

ஃபர்ஸ்ட் இயர், முதல் வாரம். புரொஃபசர் உள்ளே வர்றார். ‘குட்மார்னிங்’ வரைக்கும் பளிச்சுன்னு புரியுது. அதுக்கப்புறம்? ஐம்பது நிமிஷத்துக்கு ஒரு கூட்ஸ் வண்டி கடகடன்னு ஓடுது. எந்த இடத்துல ஒரு பெட்டி முடியுது, எந்த இடத்துல அடுத்த பெட்டி ஆரம்பிக்குதுன்னே தெரியலை. நடுநடுவே ‘ஈக்குவேஷன்’, ‘தேர்ஃபோர்’னு ரெண்டு மூணு தெரிஞ்ச முகம் ஜன்னல்ல எட்டிப் பார்த்துட்டு மறைஞ்சிடுது. பெல் அடிக்குது. நோட்டுல தேதி மட்டும் இருக்கு!

பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியத்தில் படித்து, நல்ல மார்க்கோடு காலேஜுக்குள் வந்த பல பேர் இந்த இடத்தில்தான் தங்களுக்குத் தாங்களே ஒரு தீர்ப்பு எழுதிக்கிறாங்க. ‘நமக்கு மண்டையில ஒண்ணும் இல்லடா.’ அப்புறம் கடைசி பெஞ்ச், கட், அரியர்னு கதை வேற ரூட்ல போயிடுது.

அந்தத் தீர்ப்பு தப்பு. சும்மா ஆறுதலுக்குச் சொல்லலை. பேச்சை மூளை எப்படிப் புரிஞ்சுக்குதுன்னு அறுபது எழுபது வருஷமா நடந்த ஆராய்ச்சி சொல்லுது. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. தமிழ் உங்களுக்கு எப்படிங்க புரியுது?

இடைவெளி எங்கே?

‘இதென்ன கேள்வி? வார்த்தை வார்த்தையா காதுல விழுது, புரியுது’ன்னு சொல்வீங்க. அங்கேதான் ட்விஸ்ட். பேச்சில் வார்த்தைகள் தனித்தனியா வர்றதே இல்லை!

நம்பிக்கை இல்லைன்னா செல்போன்ல உங்க குரலைப் பதிவு பண்ணி, கம்ப்யூட்டர்ல அலை வடிவமாப் போட்டுப் பாருங்க. ‘அவன் ஊருக்குப் போனான்’னு பேப்பர்ல எழுதும்போது இடம் விடறோம். பேசும்போது ‘அவனூருக்கு’தான். ஒரு மயிரிழை இடைவெளி கூட இருக்காது. இன்னும் வேடிக்கை, இடைவெளி வர்றது வார்த்தைக்கு உள்ளே! ‘பட்டம்’னு சொல்லிப் பாருங்க. ‘ட்ட’ வரும்போது நாக்கு மேலே ஒட்டி மூச்சை அடைக்குதே, அந்தக் கணம் சத்தமே இல்லை. ஆக, காதுக்கு வர்றது ஒரு தொடர் ஓட்டம். அதுவும் நொடிக்குப் பத்துப் பதினைஞ்சு ஒலிங்கிற வேகத்தில். அதை வார்த்தை வார்த்தையா வெட்டித் தர்றது மூளை.

ஸ்கூல் இலக்கணத்துல பொதுமொழின்னு ஒண்ணு படிச்சது ஞாபகம் இருக்கா? ‘பலகை’ன்னா மரப்பலகையும்தான், பல கைகளும்தான். ‘அந்தமான்’னா தீவு. ‘அந்த மான்’னா வண்டலூர்ல நிக்கிறது. காதுக்கு ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணு. எங்கே வெட்டணும்னு மூளை எப்படி முடிவு பண்ணுது? முன்னாடி என்ன வந்தது, பின்னாடி என்ன வருதுன்னு பார்த்துத்தான்.

இந்த வெட்டுற வேலையை நீங்க எப்போ கத்துக்கிட்டீங்க தெரியுமா? தொட்டில்ல! 1996-ல் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜெனி சாஃப்ரன், ரிச்சர்ட் ஆஸ்லின், எலிசா நியூபோர்ட் ஆகிய மூவர் ஒரு சோதனை செய்தார்கள். அர்த்தமே இல்லாத சில மூன்றசைச் சொற்களை உருவாக்கி, நடுவில் துளி இடைவெளி இல்லாமல் கோர்த்து, எட்டு மாதக் குழந்தைகளுக்கு இரண்டே நிமிடம் கேட்க வைத்தார்கள். அதற்குப் பிறகு அந்தச் ‘சொற்களை’யும், அதே அசைகளை மாற்றிப் போட்டவற்றையும் தனித்தனியாக ஒலிக்கவிட்டார்கள். குழந்தைகளுக்கு வித்தியாசம் தெரிந்தது! எந்த அசைக்குப் பின்னால் எந்த அசை அடிக்கடி வருகிறது என்று அந்தக் குட்டி மூளைகள் இரண்டு நிமிடத்தில் கணக்குப் போட்டுவிட்டன. புள்ளியியல் பேப்பர்ல அரியர் வெச்சவங்க கூட எட்டு மாசத்துல புள்ளியியல் புலிதான்!

இல்லாத சத்தமும் கேட்கும்!

வெட்டுறது மட்டுமில்லை, ஒட்டுப் போடுற வேலையும் மூளைக்கு உண்டு. 1970-ல் ரிச்சர்ட் வாரன் என்ற உளவியல் அறிஞர் ஒரு ஆங்கில வாக்கியத்தைப் பதிவு செய்தார். அதில் வரும் ‘லெஜிஸ்லேச்சர்ஸ்’ என்ற சொல்லில் முதல் ‘ஸ்’ சத்தத்தை மட்டும் கத்தரித்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு இருமலை ஒட்டினார். கேட்ட 20 பேரில் 19 பேர், ‘எந்தச் சத்தமும் விட்டுப் போகலையே’ என்றார்கள். மிச்சம் ஒருத்தர்? அவர் தப்பான இடத்தைக் காட்டினார்!

அதே வாரன் இன்னொரு படி மேலே போனார். ‘...ஈல்’ என்று மட்டும் ஒலிக்கும், முன்னால் இருமல். வாக்கியத்தின் கடைசியில் ‘ஆக்ஸில்’ என்று வந்தால், கேட்டவர்கள் காதில் விழுந்தது ‘வீல்’. ‘ஷூ’ என்று வந்தால் ‘ஹீல்’. ‘ஆரஞ்சு’ என்றால் ‘பீல்’, அதாவது தோல். ‘டேபிள்’ என்றால் ‘மீல்’, அதாவது சாப்பாடு. சத்தம் ஒண்ணேதான். பின்னாடி வந்த வார்த்தையை வெச்சு, முன்னாடி விடுபட்டதை மூளை நிரப்பிடுது. நிரப்பினதைச் சொல்றதும் இல்லை. நீங்க நிஜமாவே கேட்ட மாதிரியே இருக்கும்.

பஸ்ல ஹாரனுக்கு நடுவுல ஃப்ரெண்ட் சொல்ற ஜோக் புரியறது இந்தத் திறமையாலதான். ஆனா ஒண்ணு கவனிங்க. ‘வீல்’ங்கிற வார்த்தையும் தெரிஞ்சு, ‘ஆக்ஸில்’ங்கிறதும் தெரிஞ்சாத்தான் ஒட்டுப் போட முடியும். துணி கைவசம் இல்லாத டெய்லர் எதை வெச்சு ஒட்டுப் போடுவார்?

மூளை எப்பவும் அடுத்து வர்றதை எதிர்பார்த்துக்கிட்டே இருக்கு. ‘காபியில சர்க்கரையும் சிமெண்ட்டும் போட்டுக் குடிச்சேன்’னு யாராவது சொன்னா பக்குன்னு இருக்கும் இல்லையா? அந்தப் ‘பக்’கை அளந்தே காட்டியிருக்காங்க. 1980-ல் மார்ட்டா குட்டாஸ், ஸ்டீவன் ஹில்யார்ட் இருவரும் தலையில் மின்முனைகள் ஒட்டி, இப்படிப் பொருந்தாத வார்த்தையில் முடியும் வாக்கியங்களைப் படிக்க வைத்தார்கள். அந்த வார்த்தை வந்து ஏறக்குறைய 400 மில்லி செகண்டில் மூளை மின் அலையில் ஒரு தனி மாற்றம் தெரிந்தது. பின்னால் காதால் கேட்கும் பேச்சிலும் அதே மாதிரி அலையைப் பார்த்தார்கள். அரை செகண்டுக்குள்ள, ‘இது இங்கே பொருந்தலையே’ன்னு மூளை புருவத்தைத் தூக்கிடுது!

கண்ணுக்கும் காது உண்டு

1976-ல் ஹாரி மெக்கர்க், ஜான் மெக்டொனால்ட் இருவரும் ஒரு வீடியோ தயாரித்தார்கள். திரையில் ஒருவரின் வாய் ‘கா’ என்று அசைகிறது. ஒலி மட்டும் ‘பா’. (கவர்மென்ட்டில் வர்ற க, பஸ்ஸில் வர்ற ப.) பார்த்தவர்களில் பெரும்பாலோருக்குக் கேட்டது என்ன தெரியுமா? ‘டா’! திரையிலும் இல்லாத, ஸ்பீக்கரிலும் இல்லாத மூணாவது சத்தம். கண்ணை மூடிக்கிட்டா ஒழுங்கா ‘பா’ன்னு கேட்கும். கண்ணைத் திறந்தா மறுபடியும் ‘டா’. யூட்யூப்ல ‘மெக்கர்க் எஃபெக்ட்’னு தேடி நீங்களே ட்ரை பண்ணிப் பாருங்க. விஷயம் தெரிஞ்ச பிறகும் பல பேர் ஏமாறுவாங்க, அதுதான் சூப்பர்.

வேடிக்கையை விடுங்க, இதுல ஒரு பிரயோஜனம் இருக்கு. சத்தமான இடத்தில் பேசுபவரின் முகம் தெரிந்தால் பேச்சு கூடுதலாகப் புரியும் என்று 1954-லேயே சம்பி, பொல்லாக் என்ற இருவர் அளந்து காட்டினார்கள். சத்தம் கூடக் கூட, முகத்தைப் பார்ப்பதால் கிடைக்கும் லாபமும் கூடியது.

உங்க காதுல ஒரு வடிகட்டி

‘கடல்’, ‘தங்கம்’, ‘அகம்’. மூணையும் வாய்விட்டு சொல்லுங்க. மூணு ‘க’வும் ஒரே சத்தமா? மறுபடி சொல்லுங்க. மூணும் வேற வேற! ஆனா இத்தனை வருஷம் உங்களுக்கு அது உறைச்சிருக்காது. ஏன்னா, அந்த வித்தியாசத்தால தமிழ்ல அர்த்தம் மாறாது. அதனால, ‘இதைக் கண்டுக்காதே’ன்னு மூளை ஒரு வடிகட்டி மாட்டி வெச்சிருக்கு. ஆங்கிலத்துலயோ அந்த வித்தியாசம்தான் ‘கோட்’டையும் ‘கோட்’டையும் பிரிக்குது. ஒண்ணு போட்டுக்கிறது, இன்னொண்ணு ‘மே’ன்னு கத்துறது. பாருங்க, தமிழ்ல எழுதினா ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு!

இது நம்ம குறைன்னு நினைக்காதீங்க. ‘கத்தி’, ‘கட்டி’. உங்களுக்கு ரெண்டும் மலையும் மடுவும் மாதிரி. ஆனா இந்த ‘த’, ‘ட’ வித்தியாசம் ஆங்கிலம் மட்டுமே தெரிஞ்ச ஒருத்தர் காதுக்கு ரொம்பக் கஷ்டம். கனடாவில் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984-ல் வெளியிட்ட ஆராய்ச்சி இதைத்தான் காட்டியது. அவர்கள் எடுத்துக்கொண்டது இந்தியில் வரும் இதே மாதிரி ‘த’, ‘ட’ ஜோடி. ஆங்கிலம் பேசும் வீட்டில் வளரும் ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் இரண்டையும் சுலபமாகப் பிரித்துக் கேட்டன. பத்துப் பன்னிரண்டு மாதத்துக்குள் பெரும்பாலான குழந்தைகளுக்கு அந்தத் திறமை மங்கிவிட்டது. வீட்டில் தேவைப்படாத வித்தியாசத்தை மூளை ஓரம் கட்டிவிடுகிறது. தேவைப்படுவதைக் கூர் தீட்டிக்கொள்கிறது.

ஆக, நீங்க தமிழுக்காகவே தீட்டப்பட்ட காதோட காலேஜுக்கு வந்திருக்கீங்க. அது ஒரு குறை இல்லை. வேற ஊருக்கு எடுத்த சீசன் டிக்கெட், அவ்ளோதான்.

அப்போ கிளாஸ்ல என்னதான் நடக்குது?

இப்போ எல்லாத்தையும் சேர்த்துப் பாருங்க. இங்கிலீஷ் லெக்சர் ஓடுது. எங்கே வெட்டணும்னு தெரியலை, ஏன்னா அந்த மொழியின் அசைக்கணக்கு உங்ககிட்ட இன்னும் சேரலை. விட்டுப்போன சத்தத்துக்கு ஒட்டுப் போட முடியலை, ஏன்னா பாதி வார்த்தை புதுசு. அடுத்து என்ன வரும்னு எதிர்பார்க்க முடியலை, ஏன்னா பாடமே புதுசு. தமிழ்ல தானா நடந்த மூணு வேலையையும் இப்போ கஷ்டப்பட்டுச் செய்யணும். அதுலயே மூளையின் கவனம் முழுக்கச் செலவாயிடுது. கணக்கைப் புரிஞ்சுக்க மிச்சம் எங்கே இருக்கு?

மேல ஃபேன் கடகடக்குது, வராண்டால சிரிப்புச் சத்தம். அது இன்னும் மோசம். 1997-ல் மேயோ, ஃப்ளோரன்டைன், பூஸ் என்ற ஆராய்ச்சியாளர்கள், ஸ்பானிஷைத் தாய்மொழியாகக் கொண்டவர்களை இரைச்சலுக்கு நடுவே ஆங்கிலம் கேட்க வைத்தார்கள். பதினாலு வயசுக்கு மேல் ஆங்கிலம் கற்றவர்கள், சின்ன வயதிலேயே கற்றவர்களை விட, இரைச்சலில் அதிகம் தடுமாறினார்கள். முன்பின் வார்த்தைகளை வைத்து ஊகிக்கும் வசதியும் அவர்களுக்குக் குறைவாகவே கை கொடுத்தது. அவங்க யாரும் மக்குகள் இல்லை. ஆங்கிலம் நல்லாத் தெரிஞ்சவங்கதான்.

அப்புறம், புரியலைன்னதும் மனசு எங்கேயோ போகும் இல்லையா? அது ரொம்ப டேஞ்சர். 1953-ல் காலின் செர்ரி என்ற விஞ்ஞானி ஒரு காதில் ஒரு பேச்சு, மறு காதில் இன்னொரு பேச்சு என ஹெட்போனில் ஓடவிட்டார். ஒரு காதில் வருவதை மட்டும் கவனித்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். மறு காதில் என்ன ஓடியது என்று கேட்டபோது, ஆண் குரலா பெண் குரலா என்பது வரை சொன்னார்கள். ஆங்கிலம் நடுவில் ஜெர்மனாக மாறியதைக் கூட கவனிக்கவில்லை! கவனம் போச்சுன்னா பேச்சு வெறும் சத்தம்தான். ஒரே விதிவிலக்கு உங்க பேரு. 1959-ல் நெவில் மோரே செய்த சோதனையில், கவனிக்காத காதில் சொன்ன சொந்தப் பெயரை மூணு பேரில் ஒருத்தர் கேட்டுவிட்டார். அட்டெண்டன்ஸ்ல மட்டும் கரெக்டா ‘பிரசென்ட் சார்’ வர்ற ரகசியம் புரியுதா?

மாத்த முடியுமா? முடியும்!

ஜப்பானியர்களுக்கு ஆங்கில ‘ர’வும் ‘ல’வும் ஒரே மாதிரி கேட்கும். 1991-ல் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் லோகன், லைவ்லி, பிசோனி ஆகியோர் பெரியவர்களான ஜப்பானியர்களுக்குப் பயிற்சி தந்தார்கள். பல பேர் குரலில், பல வார்த்தைகளில் கேட்க வைத்து, சரியா தப்பா என்று உடனுக்குடன் சொன்னார்கள். சில வாரங்களிலேயே காது தேறியது. அடுத்து வந்த ஆராய்ச்சிகளில், ஒரே ஒரு குரலில் பயிற்சி எடுத்தவர்கள் புதுக் குரலைக் கேட்டதும் சறுக்கினார்கள். பல குரல் கேட்டவர்கள் சமாளித்தார்கள். ஸோ, வயசு ஆயிடுச்சுங்கிற சாக்கு செல்லாது!

இனி உங்களுக்கான வேலைகள்:

*முன் பெஞ்ச்.* படிப்ஸ் பட்டம் கிடைச்சாலும் பரவாயில்லை. சத்தம் தெளிவா வரும், வாய் அசைவு தெரியும். சம்பி, பொல்லாக் சொன்ன லாபம் ஃப்ரீயா கிடைக்கும். போர்டைப் பார்த்துக்கிட்டே பேசுற புரொஃபசர்கிட்ட, ‘சார், இந்தப் பக்கம் திரும்பி ஒரு தடவை சொல்லுங்க சார்’னு கேட்கலாம். தப்பே இல்லை.

*முந்தின நாளே பத்து நிமிஷம்.* முழுப் பாடமும் வேண்டாம். தலைப்புகள், புது வார்த்தைகள் மட்டும் வாய்விட்டு வாசிங்க. ஒட்டுப் போடத் துணி ரெடி. நாளைக்கு அந்த வார்த்தை வரும்போது மூளை கைகுலுக்கும்.

*சப்டைட்டில், ஆனா எந்த மொழியில?* இது முக்கியம். 2009-ல் மிட்டரர், மெக்வீன் என்ற இருவர் டச்சுக்காரர்களுக்குப் பழக்கமில்லாத ஸ்காட்லாந்து, ஆஸ்திரேலிய ஆங்கிலப் படங்களைப் போட்டுக் காட்டினார்கள். ஆங்கில சப்டைட்டிலோடு பார்த்தவர்களுக்கு அந்தப் பேச்சு பழகியது. டச்சு சப்டைட்டிலோடு பார்த்தவர்களுக்கு, புதிதாக வந்த வசனங்களைக் கேட்பதில் பின்னடைவுதான் வந்தது. காதுல ஒரு மொழி, கண்ணுல இன்னொரு மொழின்னா, மூளை எதை எதோட பொருத்தும்? அதனால இங்கிலீஷ் படமோ, என்.பி.டி.இ.எல். பாட வீடியோவோ, கீழே இங்கிலீஷ் எழுத்தையே ஓட விடுங்க. கதை புரியறதுக்குத் தமிழ் எழுத்து ஓகே. காது பழகறதுக்கு இங்கிலீஷ் எழுத்துதான்.

*பல குரல் கேளுங்க.* ஒரே ஆளோட வீடியோவையே திரும்பத் திரும்பப் பார்க்காம, ஒரே பாடத்தை ரெண்டு மூணு பேர்கிட்ட கேளுங்க. புது உச்சரிப்பு கேட்டதும் பயப்படாதீங்க. 2004-ல் வந்த ஒரு ஆராய்ச்சியில், பழக்கமில்லாத உச்சரிப்பில் பேசும் ஆங்கிலத்துக்கு, ஆங்கிலம் தாய்மொழியானவர்களின் காது ஒரு நிமிஷத்துக்குள்ளேயே பழக ஆரம்பித்தது. நமக்குக் கொஞ்சம் கூட ஆகலாம். விடாம உட்காருங்க.

*வால்யூமைக் குறைங்க.* உள்காதுல சத்தத்தை மூளைக்கு அனுப்புற மெல்லிய முடிச் செல்கள் சுமார் 15,000-தான் இருக்கு. அழிஞ்சா மறுபடி முளைக்காது. 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல கேட்க வேண்டாம்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. சத்தம் ஏற ஏற அந்த நேரம் மளமளன்னு குறையும். இன்னொண்ணு... தமிழ்ல பேசினாலே அடிக்கடி ‘என்ன?’ன்னு கேட்கறீங்களா? அப்போ விஷயம் மொழியில இல்லை. காது டாக்டரைப் பார்த்து ஒரு டெஸ்ட் எடுத்துடுங்க.

இங்கிலீஷ் மீடியம் நண்பர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. பக்கத்துல இருக்கறவன், ‘என்னடா சொன்னார்?’னு கேட்டா சிரிக்காம சொல்லிக்கொடுங்க. நீங்க ஒரு வேலை செய்யற நேரத்துல அவன் நாலு வேலை செஞ்சுக்கிட்டிருக்கான்.

தமிழ் பேச்சை வெட்டவும் ஒட்டவும் எப்படிக் கத்துக்கிட்டீங்கன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா? இருக்காது. யாரும் ஸ்பெஷல் கிளாஸ் எடுக்கலை, யாரும் மார்க் போடலை. சுத்தி இருந்தவங்க பேசினாங்க, நீங்க கேட்டுக்கிட்டே இருந்தீங்க. புரியாத நாள்ல, ‘நமக்கு மண்டையில ஒண்ணும் இல்லை’ன்னு அந்தக் குழந்தை முடிவு கட்டலை. அதே மூளைதான் இப்பவும் உங்ககிட்ட இருக்கு. முதல் செமஸ்டர்லயே அதுக்குத் தீர்ப்பு எழுதிடாதீங்க!